ஒரு கதிரை, ஓர் இடுப்பு

ஸ்பானிய வகுப்பின் மூன்றாவது கிழமை நான் பிந்திப் போனேன். பொது நூலகமொன்றின் மாடியில் சின்ன அறை. பின்வரிசையில் ஒரேயொரு கதிரைதான் மிச்சம். அதன்மேலும் பக்கத்துப் பெண்மணியின் குளிர்ச்சட்டை கிடந்தது. இரண்டு கிழமையில் சேர்த்து வைத்திருந்த சொற்களையெல்லாம் திரட்டி, மரியாதை குறையாமல் கேட்டேன்: "எஸ்தா லீப்ரே எஸ்தா கதேரா?"

கொலம்பியாக்காரியான ஆசிரியை முதலில் சிரித்தார். அவர் காரணம் சொன்ன பிறகு வகுப்பே சிரித்தது. இந்தக் கதிரையில் ஆரும் இருக்கினமோ என்று நான் கேட்டதாக நினைத்தது உண்மையில், "இந்த இடுப்பு சும்மாதான் இருக்கிறதா?" என்ற கேள்வியாம். கதேரா என்றால் இடுப்பு எலும்பு. கதிரைக்கு ஸ்பானியத்தில் 'சீயா'. அந்தச் சொல்லை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். நான்தான் கவனிக்கவில்லை, ஏனென்றால் எனக்குக் கதிரை ஏற்கெனவே தெரியும் என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை முழுப் பிழை என்றும் சொல்ல முடியாது. ஓய்வு பெற்றபின் பொழுது போகவேண்டும் என்று ஒரு மொழியைப் படிக்கத் தொடங்கிய எனக்கு முதல் இரண்டு கிழமையும் கணக்குப் பிழைக்கவேயில்லை. மேசைக்கு 'மேசா' என்றார்கள். பாணுக்கு 'பான்', சப்பாத்துக்கு 'சப்பாத்தோ', குசினிக்கு 'கொசீனா', துவாய்க்கு 'தோவாயா', அலுமாரிக்கு 'அர்மாரியோ'. மற்றவர்கள் சின்னச் சின்ன அட்டைகளில் சொல் எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்க, நான் யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மாவின் வீட்டை மனதுக்குள் சுற்றி வந்தால் போதும் போலிருந்தது. படலை திறந்து விறாந்தையில் ஏறினால் ஒரு வாங்கு. ஸ்பானியத்தில் 'பாங்கோ', நீட்டு இருக்கைக்கும் அதுதான், காசு போடும் வங்கிக்கும் அதுதான். உள்ளே மேசை. மேசையில் கோப்பை, அங்கே 'கோப்பா'. மேசையைச் சுற்றி நாலு கதிரை. ஆகவே கதேரா. வேறென்ன நினைக்கத் தோன்றும்?

வீட்டுக்கு வந்து அந்த ஒரு சொல்லைத் துரத்தத் தொடங்கினேன். ஒரு சொல்லில் அவமானப்பட்டவனுக்கு அதன் பூர்வீகம் தெரியாமல் நித்திரை வராது.

கதிரை என்ற சொல் தமிழ் வேடம் நன்றாகக் கட்டியிருக்கிறது. கதிர் இருக்கிறது, ஐ இருக்கிறது; எந்த இலக்கணக்காரரும் சந்தேகப்படாத உருவம். போதாததற்கு அதே எழுத்துகளில் இன்னொரு கதிரையும் எங்களிடம் உண்டு. கதிர்காமத்தைக் கதிரை என்று சுருக்கிச் சொல்வது பழைய வழக்கம். கதிரைவேலு, கதிரைவேற்பிள்ளை என்ற பெயர்களெல்லாம் அந்தத் தலத்து முருகன் பேரில் வைத்தவை. யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளைகள் இரண்டு பேர் அகராதி தொகுத்தவர்கள்: கு. கதிரைவேற்பிள்ளை ஒருவர், நா. கதிரைவேற்பிள்ளை மற்றவர். தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் தேடியே காலம் கழித்த இருவரின் பெயரிலும் இந்த எழுத்துக்கூட்டம் உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான். சின்ன வயதில் நான் இரண்டையும் ஒன்றென்றே நினைத்தேன். கதிரைவேலன் என்றால் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு இருக்கிற வேலன். அம்மம்மா கோயிலுக்குக் கூட்டிப்போனபோது மயில்தான் இருந்தது, கதிரையைக் காணவில்லை.

மரத்தால் செய்த கதிரைக்கும் முருகனுக்கும் சம்பந்தமில்லை. அது போர்த்துக்கீசச் சொல்லான 'கதெய்ரா'. போர்த்துக்கேயர் 1505இல் கொழும்புப் பக்கம் ஒதுங்கினார்கள். யாழ்ப்பாண இராச்சியத்தை முழுதாகப் பிடித்தது 1619இல். ஒல்லாந்தர் அவர்களைக் கோட்டையிலிருந்து கிளப்பியது 1658இல். நேரடி ஆட்சி என்று பார்த்தால் நாற்பது வருடம்கூட இல்லை, ஆனாலும் மேசை, பாண், சப்பாத்து எல்லாம் அவர்கள் கொண்டுவந்த சொற்கள். ஒல்லாந்தரோ வந்து நூற்று நாற்பது வருடமளவில் இருந்தும் வீட்டுக்குள் அவ்வளவாக நுழையவில்லை. கந்தோரும் கக்கூசும் அவர்கள் விட்டுப்போனவை. அந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு மாட்ரிட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆரும் சொல்லித்தராத ஒரு சங்கதி இருக்கிறது. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலுக்குத் தனி அரசன் இல்லை. ஸ்பானிய அரசனே அதற்கும் அரசன். யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோனபோது அந்தப் படை வணங்கிய முடி, மாட்ரிட்டிலிருந்து ஆண்ட மூன்றாம் ஃபிலிப்பின் தலையில் இருந்தது. அரசன் ஸ்பானியன், சொல் மட்டும் போர்த்துக்கீசம். அரசன் பேசுகிற மொழி கப்பலேறவில்லை. கப்பலில் வந்தவர்கள் பேசிய மொழிதான் எங்கள் குசினிக்குள் வந்தது.

கதிரை வருமுன் தமிழர் நிலத்தில் மட்டும்தான் இருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். தவிசு, பீடம், மணை, கட்டில் என்று பழந்தமிழிலேயே இருக்கைகளுக்குச் சொல் உண்டு. அரசன் இருந்தது அரசுகட்டிலில். முதுகு சாய்க்கிற, நாலு காலுள்ள, தனியாள் இருக்கிற அந்தப் புதுச் சாமானுக்குத் தமிழ்நாடு நாற்காலி என்று தானே பெயர் செய்துகொண்டது. நாங்கள் சாமானை அதன் பெயரோடு வாங்கிவிட்டோம். தவிசு வீட்டைவிட்டுப் போய், உள்ளூராட்சிச் சபைத் தலைவரைத் தவிசாளர் என்று சொல்வதில் மட்டும் உயிரோடிருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் இந்தத் துரத்தலில் சும்மா பொறுக்கி எடுத்தேன். ஸ்பானியம் படிக்கிற எந்த யாழ்ப்பாணத்தவருக்கும் உதவும். ஸ்பானியத்தில் உயிரில்லாத சாமானுக்கும் ஆண், பெண் என்று பால் உண்டு. மேசை பெண், சப்பாத்து ஆண். தொடக்கக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்கிற இடம் இது. ஆனால் எங்கள் சொற்களைப் பாருங்கள். போர்த்துக்கீசத்தில் 'ஆ' என்று முடிகிற பெண்பாற் சொல் எங்களிடம் 'ஐ' ஆகியிருக்கிறது: மேசா மேசையானது, பேனா பேனையானது, வறாண்டா விறாந்தையானது, தவேர்ணா தவறணையானது. 'ஓ' என்று முடிகிற ஆண்பாற் சொல் 'உ' ஆகியிருக்கிறது: சப்பாத்தோ சப்பாத்து, பாங்கோ வாங்கு. ஆகவே யாழ்ப்பாணத்தில் 'ஐ' என்றால் அங்கே 'லா', இங்கே 'உ' என்றால் அங்கே 'எல்'. லா மேசா, எல் சப்பாத்தோ. நானூறு வருடமாக எங்கள் வீட்டுத் தளபாடங்கள் தங்கள் பாலைக் கடைசி எழுத்தில் ஒளித்து வைத்திருந்திருக்கின்றன. குசினியும் அலுமாரியும் இந்த ஒழுங்குக்கு அடங்கவில்லைத்தான். ஆனாலும் பத்துச் சொல்லில் ஏழுக்கு உதவுகிற விதியை நான் கைவிடமாட்டேன்.

கதிரைக்கு வருவோம். போர்த்துக்கீசக் கதெய்ராவும் ஸ்பானியக் கதேராவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தாய், இலத்தீனில் 'கத்தேத்ரா', சாய்வுள்ள இருக்கை. வசதியான வீட்டுப் பெண்கள் சாய்ந்திருந்ததும் அதில், ஆசிரியன் அமர்ந்து பாடம் சொன்னதும் அதில், பிறகு கிறித்தவ ஆயர் அமர்ந்ததும் அதில். ஆயரின் கத்தேத்ரா இருக்கிற கோயில்தான் கதீட்ரல். இலத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'கதா' என்றால் கீழே, 'ஹெத்ரா' என்றால் இருக்கை.

கத்தேத்ரா என்று நான் தகரத்தை இரட்டித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இலத்தீனில் அந்த ஒலி வன்மையானது. 'பத்து' என்பதில் வருகிற த். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் மக்கள் இலத்தீனைப் பேசிப் பேசி, இரண்டு உயிருக்கு நடுவில் வந்த வன்மையையெல்லாம் மென்மையாக்கிவிட்டார்கள். 'அமீக்கோ' அமீகோ ஆனது, நண்பன். 'லாக்கு' லாகோ ஆனது, ஏரி. 'ஃபோக்கு' ஃபுவேகோ ஆனது, நெருப்பு. 'சப்பேரே' சபேர் ஆனது, அறிதல். 'வீத்தா' பீதா ஆனது. வாழ்க்கை, வைட்டமினில் முதல் பாதியாக இருப்பதும் அதுதான். இதைப் படித்தபோது எழும்பி நின்றுவிட்டேன். ஏனென்றால் இதைத்தானே தமிழ் வாய் தானாகவே செய்கிறது? அமீகோ என்று தமிழில் எழுதிவிட்டு, நடுவில் உள்ள ககரத்தை வன்மையாக வாசி என்றால் எங்களால் முடியாது, இரட்டித்தால்தான் முடியும். 'பகல்', 'அது', 'தபால்' என்று சொல்லும்போது நடு எழுத்துக்கு வாய் என்ன செய்கிறதோ, அதையே ஸ்பானிய வாய் இலத்தீனுக்குச் செய்தது. இரண்டு மொழிக்கும் உறவு ஏதுமில்லை. வாயின் சோம்பல் உலகப் பொது. ஆனால் பயன் எங்களுக்கு. என் வகுப்பில் ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் கதேராவின் நடு எழுத்தில் தடுக்கி விழுவார்கள். அதுவோ நாக்கு நுனி பல்லைத் தொட்டும் தொடாமலும் போகிற எங்கள் கதிரையின் 'தி'. ஆசிரியை என் உச்சரிப்பைப் பாராட்டினார். பிழையான சொல்லைச் சரியாக உச்சரித்தேன் என்று.

இனிக் கத்தேத்ராவில் மிச்சமிருக்கிற 'த்ர'. போர்த்துக்கீச வாயில் அது ஒரு 'ய்' ஆகக் கரைந்தது: கதெய்ரா. ஸ்பானிய வாயில் அடையாளமில்லாமலே போனது: கதேரா. 'முழுமையான' என்பதற்கு ஒருபக்கம் 'இன்தெய்ரோ', மறுபக்கம் 'என்தேரோ' என்று நிற்பதும் இதே போன்ற ஒரு கதைதான். ஒலியில் எல்லாம் ஒழுங்கு. பொருளில்தான் ஆள் மாறாட்டம்.

எப்படி மாறியது? இருக்கிற இடத்திலிருந்து, இருக்கிற உறுப்புக்கு. பழைய ஸ்பானியத்தில் கதேராவுக்கு இருக்கை என்ற பொருளும் இருந்தது. மெல்ல அது மேலேறி, இருக்கையைத் தொடுகிற உடலின் பெயராகி, கடைசியில் இடுப்பெலும்பில் நின்றுவிட்டது. நாங்கள் 'அடி' என்கிறோம், காலும் அதுதான், கால் படுகிற தரைப்பக்கமும் அதுதான், அப்படித்தான். இலத்தீனில் இடுப்புக்கு இருந்த சொல் வேறு, 'கொக்ஸா'. அந்த இடத்துக்குக் கதேரா வந்ததும் கொக்ஸாவுக்கு வேலை போனது. போன சொல் என்ன செய்தது தெரியுமா? அதன் வழியில் பிறந்த 'கொஹீன்' இன்றைக்கு ஸ்பானியத்தில் மெத்தையணை. ஆங்கிலக் 'குஷன்' அதே வழிதான். கதிரையின் பெயர் இடுப்புக்கு ஏற, இடுப்பின் பெயர் கதிரையில் போடுகிற அணைக்கு இறங்கியிருக்கிறது. இதை ஆராவது திட்டமிட்டுச் செய்திருந்தால் நம்பமாட்டோம்.

ஊருக்கு ஊர் இந்த மாறாட்டம் வேறுவேறு படியில் நிற்கிறது. கத்தலோனியாவில் 'கதீரா' இன்றும் கதிரைதான். என் கேள்வியை பார்சலோனாவில் கேட்டிருந்தால் ஆரும் சிரித்திருக்கமாட்டார்கள், குளிர்ச்சட்டையை எடுத்திருப்பார்கள். வடமேற்கு மூலையில் கலீசிய மொழியில் ஒரே சொல் கதிரையும் இடுப்புமாக இரட்டை வேடம் போடுகிறது. போர்த்துக்கீசத்திலேயே ஒருமையில் சொன்னால் கதிரை. பன்மையில் சொன்னால் இடுப்பு என்றும் பொருள்படும், பிரேசிலில் கிழவர்கள் கதெய்ராக்கள் நோகின்றன என்று முனகினால் தச்சனைக் கூப்பிடமாட்டார்கள். ஸ்பானியச் சொற்பிறப்புக்கென்று மாபெரும் அகராதி செய்த ஜோவான் கொரோமினாஸ் பார்சலோனாவில் பிறந்த கத்தலோனியர். தாய்மொழியில் இருந்தெழும்புகிற சாமானை, பிறமொழி அகராதியில் உடலுறுப்பாக எழுதவேண்டியிருந்தவர். என் அவமானம் அவர் முன்னால் ஒன்றுமில்லை.

பிரெஞ்சுக்காரர் கத்தேத்ராவை இன்னும் நன்றாக மென்று தின்றார்கள். நடு எழுத்துகள் போய்ச் 'ஷேர்' என்றானது. பாரிஸ்காரர் ரகரத்தை ஸகரமாக்கி 'ஷேஸ்' என்றார்கள். பழைய பிரெஞ்சு வடிவம் கடல் கடந்து ஆங்கிலத்தில் 'சேர்' ஆனது. அந்தச் 'சேர்' ஆங்கிலேயரோடு சென்னைக்கு வந்தது. சென்னை நண்பர் ஒருவர், நீங்கள் ஏன் கதிரை என்று விசித்திரமாகச் சொல்கிறீர்கள், சேர் என்று சொல்லக்கூடாதா என்று என்னை முப்பது வருடமாகக் கேலிசெய்கிறார். அவர் சொல்வதும் நான் சொல்வதும் ஒரே சொல் என்று தொலைபேசியில் விளக்கினேன். ஒன்று பாரிஸ், இலண்டன் வழியாக வந்தது. மற்றது லிஸ்பன், கோவா வழியாக. அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப நாற்காலின்னு சொல்லிட்டுப் போயிடலாம்" என்றார்.

ஸ்பானியமும் கத்தேத்ராவை முழுதாக விட்டுவிடவில்லை. மக்கள் வாயில் அது கதேராவாகத் தேய்ந்த பிறகு, படித்தவர்கள் நூலிலிருந்து அதையே மறுபடி எடுத்து, தேயாத உருவில் 'காத்தெத்ரா' என்று வைத்துக்கொண்டார்கள். அது பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி. அந்தப் பதவியில் இருப்பவர் 'கத்தெத்ராத்திகோ'. சந்தையால் வந்த சொல்லும் நூலகத்தால் வந்த சொல்லுமாக இப்படி இரட்டையர் ஸ்பானியத்தில் ஏராளம். வடமொழிச் சொல்லைத் தற்பவமாகவும் தற்சமமாகவும் இரண்டு தடவை வாங்கிப் பழகிய தமிழருக்கு இது புதிதல்ல. பக்கமும் பட்சமும் எங்களிடம் அருகருகே இல்லையா? சொற்களைச் சேர்க்கத் தொடங்குகிறவருக்கு நான் கண்ட நல்ல வழி இந்த இரட்டையரைச் சேர்த்து எழுதுவதுதான். 'நிறைந்த' என்பதற்குச் சந்தைச் சொல் 'யேனோ', நூற்சொல் 'ப்ளேனோ'. சுவாலைக்கு 'யாமா', 'ஃப்ளாமா'. திறப்புக்கு 'யாவே', நூல் வழியாக வந்த 'க்ளாவே' மறைகுறிக்கும் கடவுச்சொல்லுக்கும். இலத்தீனில் க்ள, ப்ள, ஃப்ள என்று தொடங்கியவை ஸ்பானியச் சந்தையில் 'ய' ஆகிவிடும், போர்த்துக்கீசச் சந்தையில் 'ச' ஆகிவிடும். யாவேயின் போர்த்துக்கீச உடன்பிறப்புத்தான் தமிழ்நாட்டுச் சாவி. வகுப்பில் முதல் நாள் எல்லாரும் சொல்கிற 'மே யாமோ', என் பெயர் இன்னது என்பதும் அந்த 'ய'தான். இலத்தீனில் க்ளாமாரே, கூவியழைத்தல். வீடு முழுக்கப் போர்த்துக்கீசத்தால் நிரப்பிக்கொண்ட யாழ்ப்பாணத்தவர், அதைப் பூட்டுகிற சாமானுக்கு மட்டும் திறப்பு என்று சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். ஏனோ தெரியாது, எனக்கு அதில் ஒரு சந்தோசம்.

வீட்டுச் சொல்லை நம்பி ஏமாறுகிற இடங்களும் இருக்கின்றன, கதிரை மட்டுமல்ல. பேனையை எடுத்துக்கொண்டு ஸ்பானியத்துக்குப் போனால் 'பேனா' என்றால் அங்கே துக்கம். எழுதுகிற கோலுக்கு 'ப்ளூமா', இறகு. போர்த்துக்கீசத்தில் இறகும் துக்கமும் இரண்டு வேறு இலத்தீன் சொற்களிலிருந்து வந்து ஒரே உருவில் மோதிக்கொண்டன. ஸ்பானியத்தில் துக்கம் மட்டும் அந்த உருவில் நிற்கிறது. எழுதிப் பிழைத்தவர்கள் இந்தப் பொருள் மாற்றத்தை மறுக்கமாட்டார்கள். லேஞ்சியை எடுத்துக்கொண்டு போனால் 'லியென்சோ', ஓவியர் வரைகிற துணி. மூக்குத் துடைத்தால் அடிப்பார்கள். விசுக்கோத்து அங்கே 'பிஸ்கோச்சோ', ஆனால் கேட்டால் பஞ்சுபோன்ற கேக்கைத் தருவார்கள்.

இதைவிட மோசமானது உறவேயில்லாத முகச்சாயல். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஸ்பானிய 'மூச்சோ'வையும் ஆங்கில 'மச்'சையும் அண்ணன் தம்பி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் 'நிறைய' என்றுதான் பொருள், ஆனால் குடும்பம் வேறு. 'தீயா'வும் 'டே'யும் அப்படியே. நானும் விழுந்தேன். 'ஆல்மா' என்றால் உயிர் என்றதும், ஆன்மாதானே என்று குறிப்பேட்டில் கோடு போட்டு இணைத்துவிட்டேன். இல்லை. ஆல்மா இலத்தீன் 'அனிமா'வின் தேய்வு, ஆன்மா வடமொழி ஆத்மன், வேர்கள் வேறு. அனிமாவின் உண்மையான உறவு வடமொழியில் உண்டு, ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரியாது: பிராணனில் இருக்கிற 'அன்', மூச்சுவிடு என்ற வேர். ஒரே மாதிரி இருப்பது உறவில்லை, வேறு மாதிரி இருப்பது உறவு. கைத்தொலைபேசியில் உலக மொழியெல்லாம் தமிழிலிருந்து வந்ததென்று பட்டியல் அனுப்புகிற உறவினர்களுக்கு இதை நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒலி ஒத்தால் போதாது; அந்த ஒலி மாறி வந்த வழி, மற்றச் சொற்களும் நடந்த வழியாக இருக்கவேண்டும்.

உறவேயில்லாமலும் நினைவில் நிற்க உதவுகிற சொற்கள் உண்டு. அது வேறு கணக்கு. யன்னல் போர்த்துக்கீசம், 'சின்ன வாசல்' என்ற பொருளில் வந்தது. ஸ்பானியத்தில் அந்தச் சொல் இல்லை, 'பென்தானா' என்கிறார்கள். 'பியென்தோ' என்றால் காற்று. காற்று வருகிற துவாரம் பென்தானா. பழந்தமிழில் சாளரத்துக்குக் காலதர் என்று ஒரு சொல் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பென்தானாவை நான் மறக்கவேயில்லை.

'சீயா'வைத்தான் நெடுநாள் வன்மத்தோடு பார்த்தேன். கதேராவின் இடத்தைப் பறித்தவள் என்று. அவளையும் துருவினேன். இலத்தீனில் 'செல்லா', குதிரைச் சேணம், இருக்கை. அதற்கும் பழைய உருவம் 'செத்-லா'. 'செத்' என்றால் இரு. அதே 'செத்' கிரேக்கத்துக்குப் போகும்போது முதல் ஸகரம் ஹகரமாகும். வடமொழியில் ஏழு 'சப்த', கிரேக்கத்தில் 'ஹெப்தா' என்பதுபோல. ஆக 'செத்', 'ஹெத்', ஹெத்ரா, கத்தேத்ரா. சீயாவும் கதேராவும் கதிரையும் ஒரே வேரில் கிளைத்தவை! வடமொழியில் அந்த வேர் 'சத்'. உபநிடதம் என்ற சொல்லைப் பிரித்தால் உப, அருகில், நி, கீழே, சத், இருத்தல். கத்தேத்ராவைப் பிரித்தாலும் கீழே, இருத்தல். முனிவரின் காலடியில் மாணவன் இருந்த இருப்பும் எங்கள் விறாந்தையில் கிடந்த பிரம்புக் கதிரையும் சொல்லளவில் பங்காளிகள்.

அதற்குப் பிறகு சீயாவின் குடும்பத்தைக் குறிப்பேட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். பெரிய சாய்வுக் கதிரை 'சியோன்'. சைக்கிளின் இருக்கை 'சியீன்'. குதிரைக்குச் சேணம் பூட்டுவது 'என்சியார்'. உட்காருவது 'சென்தார்சே', தலைமையகம் 'சேதே', முன்னால் இருப்பவர் 'பிரெசிதென்தே'. அட்டையில் தனித்தனியாக எழுதிய இருபது சொல்லில் பதினைந்து விடிய மறந்துபோகிற வயது எனக்கு; இந்தப் பக்கம் மட்டும் மறக்கவில்லை.

அந்தப் பக்கத்தின் அடியில் பிறகொரு நாள் இன்னொரு சொல் சேர்ந்தது. ஸ்பானியத்தில் 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு வினை: 'செர்', 'எஸ்தார்'. ஒருவருடைய இயல்பையும் அடையாளத்தையும் சொல்ல முதலாவது. இடத்தையும் நேரத்து நிலையையும் சொல்ல இரண்டாவது. தொடக்கக்காரர்களை அழவைக்கிற சோடி இது. ஆசிரியை ஒரு மாலை முழுக்க விளக்கினார். நான் வழக்கம்போல வீட்டுக்கு வந்து பூர்வீகம் பார்த்தேன். 'எஸ்தார்', இலத்தீனில் நில் என்ற வினை. 'செர்' உருவெடுத்ததில் பாதி, இலத்தீனில் 'செதேரே': இரு, அமர். மறுபடியும் அந்த வேர். உட்காருகிற வினையையே உளதாகிற வினையாக்கிக்கொண்ட மொழி. எனக்கு அதை விளக்க எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டில் உட்கார் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவரைக் கதிரையைக் காட்டி, "இருங்கோ" என்போம். அவர் இருந்த பிறகு, "எப்படி இருக்கிறியள்?" என்று கேட்போம். இரண்டுக்கும் ஒரே இரு.

தவணையின் கடைசி வகுப்பில் ஆளுக்காள் தங்கள் மொழியில் அறைக்குள் இருக்கிற சாமான்களின் பெயரைச் சொல்லவேண்டும் என்றார் ஆசிரியை. ஒரு வியட்நாம்காரர், ஓர் ஈரானியப் பெண், பிறகு நான். மேசை என்றேன், அட, என்றார். வாங்கு என்றேன். கடைசியாக நான் இருந்த கதிரையைத் தட்டி, "கதிரை" என்றேன்.

அவர் ஒரு கையை இடுப்பில் வைத்தார். அன்றைய கேள்வி ஞாபகம் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. "அப்படியென்றால் உங்கள் ஊரில் எல்லாரும் இடுப்பிலா உட்காருகிறீர்கள்?" என்று மெதுவான ஸ்பானியத்தில், எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"சீ" என்றேன். ஸ்பானியத்தில் அது ஆம்.